பொட்டுக்குப் பின்னால் ஒரு பசை



ஆண்டு மலர் என்றால் நட்பு, கல்லூரி நாட்கள், பிரிவு என்று கண் கலங்க எழுதுவது நம் வழக்கம். நான் ஸ்டிக்கர் பொட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். பத்து ரூபாய் அட்டை ஒன்று எங்கள் வீட்டு அடுப்பையே அணைக்கப் பார்த்தது. முதலாமாண்டு வேதியியல் பாடமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் இந்த மலரில் எழுதத் துணிந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி, தெருமுனையில் தள்ளுவண்டியில் வைத்து விற்பார். என் செமஸ்டர் பீஸ், மினி டிராப்டர், லேப் கோட்டு எல்லாமே அந்த இட்லிப் பானையிலிருந்து வந்தவைதான்.

நான் முதலாண்டு படிக்கும்போது அம்மாவின் நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் அரிக்க ஆரம்பித்தது. "வேர்வைதான், சரியாப் போயிடும்" என்று விட்டுவிட்டார். சில மாதத்தில் அரிப்பு நின்றது. ஆனால் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி! அதை மறைக்க அம்மா பெரிய பொட்டு வைத்தார். புள்ளியும் பெரிதாகியது. அதைவிடப் பெரிய பொட்டு வைத்தார். அதற்கும் மேல் வளர்ந்தது.

அப்புறம் என்ன? ஊர் வாய் சும்மா இருக்குமா? "அந்தம்மாவுக்கு வெண்குஷ்டமாம். கைபட்டதைச் சாப்பிடலாமா?" என்று பேச்சு கிளம்பியது. நேரில் யாரும் சொல்லவில்லை. இட்லிதான் சொல்லியது. எட்டு மணிக்குள் காலியாகிற பாத்திரம் பத்து மணிக்கும் பாதியாக நின்றது. மிச்ச இட்லியை உதிர்த்து உப்புமா கிண்டி நாங்களே சாப்பிட்டோம். அந்த செமஸ்டர் பீஸைக் கட்ட அம்மாவின் மூக்குத்தி அடகுக் கடைக்குப் போனது.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள்

நாட்டு மருந்து, நேர்த்திக்கடன் எல்லாம் ஆன பிறகு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு நான்தான் அம்மாவைக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா முதலில், "பொட்டை எடுங்கம்மா" என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்டிக்கரா, குங்குமமா? எத்தனை வருஷமாக? ராத்திரியும் ஒட்டியே இருக்குமா? கை, கால், உதட்டு ஓரம் எங்காவது வெள்ளை இருக்கிறதா? எல்லா இடமும் பார்த்தார். எங்கும் இல்லை.

அம்மாவின் சுருக்குப் பையிலிருந்த பொட்டு அட்டையை வாங்கி நெற்றிக்கு அருகே பிடித்தார். வெள்ளை வட்டமும் பொட்டு வட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு!

"இது உள்ளேருந்து வந்ததில்லம்மா, வெளியேருந்து ஒட்டினது. பசை பண்ணின வேலை" என்றார்.

"எந்தப் பசை மேடம்?" என்று கேட்டேன்.

"நீ என்னப்பா படிக்கிற?"

"பாலிடெக்னிக், மின்னியல்."

"அப்ப பீனால் தெரியும்ல?" என்று சொல்லி, ஓ.பி. சீட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினார்: பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால். சுருக்கமாக பி.டி.பி.பி.

சந்தேகத்தைத் தீர்க்க பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். சந்தேகப்படும் பொருட்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். நாலாம் நாள் மறுபடி பார்ப்பார்கள். 1895-ல் யாதாசோன் என்ற தோல் மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை, இன்றும் நடக்கிறது. அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. இட்லி அடுப்பு முன்னால் நிற்பவருக்கு வியர்க்காமல் இருக்குமா? அத்தனை நாளும் வண்டி ஓரமாக நின்றது. அம்மா சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அப்போதுதான். கடைசியில் பி.டி.பி.பி. பிசின் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

பேக்கலைட்டின் தம்பி

நண்பர்களே, பேக்கலைட் ஞாபகம் இருக்கிறதா? பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக். 1907-ல் பேக்லண்ட் கண்டுபிடித்தது. பழைய கறுப்பு சுவிட்சும் ஹோல்டரும் அதுதான். பீனாலுக்குப் பதிலாக பி.டி.பி.பி.யைப் பார்மால்டிஹைடோடு சேர்த்தால் கிடைப்பது ஒரு பிசின். ரப்பர் பசைகளுக்கு ஒட்டும் குணம் கொடுப்பது அது. செருப்புத் தைப்பதில் பயன்படும் பசைகளிலும் இருக்கும், பொட்டுப் பசையிலும் வந்தது. பிரச்சினை எங்கே என்றால், வினையில் சேராமல் கொஞ்சம் பி.டி.பி.பி. தனியாக மிஞ்சி நிற்கும். பொட்டுப் பசையில் அப்படி மிஞ்சியதைப் பற்றி அலகாபாத் தோல் மருத்துவர்கள் 1990-லேயே எழுதியிருக்கிறார்கள்.

அது தோலை எப்படி வெளுக்கிறது? நம் தோலில் நிறம் தயாரிக்கும் செல்கள் உண்டு. அவை டைரோசின் என்ற பொருளை எடுத்து, டைரோசினேஸ் என்ற நொதியால் மெலனின் ஆக்குகின்றன. டைரோசினும் ஒரு வகைப் பீனால்தான். பி.டி.பி.பி. பார்ப்பதற்கு அதன் ஜாடையில் இருப்பதால், செல் ஏமாந்து அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜினில் டீசல் ஊற்றின மாதிரிதான். அங்கே உண்டாகும் நச்சில் செல் செத்துப் போகிறது. நிறம் போடும் தொழிலாளி போனால் சுவர் வெள்ளைதானே!

இது பொட்டோடு முடிகிற விஷயமில்லை. 1939-ல் அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கைகள் வெளுத்த செய்தி வெளிவந்தது. அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில் கலந்திருந்த ஹைட்ரோகுவினோன் வகைப் பொருள்தான் காரணம். ஜப்பானில் கானெபோ நிறுவனத்தின் சிவப்பழகுப் பூச்சுகளில் ரோடோடெண்ட்ரால் என்ற பொருள் இருந்தது. திட்டுத் திட்டாக வெளுப்பதாகப் புகார் வரவே 2013 ஜூலையில் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 19,000 பேருக்கும் மேல். இதுவும் பீனால் குடும்பம்தான்.

"ஊரே ஒட்டுது, உனக்கு மட்டும் ஏன்?" என்று அம்மாவைக் கேட்காத ஆளில்லை. நம் பாஷையில் சொன்னால், 10 ஆம்பியர் போனால் 5 ஆம்பியர் பியூஸ் உருகும், 15 ஆம்பியர் பியூஸ் நிற்கும். சிலர் தோல் அப்படி. அது பியூஸின் குற்றமா?

வெறும் நெற்றி

"இனி பொட்டே வேண்டாம். குங்குமமும் இப்போதைக்கு வேண்டாம், அதிலும் செயற்கைச் சாயம் கலக்கிறார்கள்" என்று டாக்டரம்மா சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து தடவுவது சுலபமாக இருந்தது. வெறும் நெற்றியோடு தெருவில் இறங்குவதுதான் அம்மாவுக்கு முடியவில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போது பொட்டில்லாமல் நிற்பதா? அத்தை வந்து அழுதே விட்டார். "அண்ணி, எங்க அண்ணனுக்கு ஆகாது அண்ணி. சின்னதா ஒண்ணு வச்சுக்கங்க!"

அப்பா அதிகம் பேசாதவர். மூட்டை இறக்கி வந்த களைப்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "நான் உசுரோட இருக்கேங்கிறதுக்கு நான்தான் சாட்சி. பசை எதுக்கு சாட்சி?"

மறுநாள் அம்மா வெறும் நெற்றியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மறைக்க ஒன்றும் இல்லாததால் எல்லாரும் நேராகவே கேட்டார்கள். ஓர் ஆட்டோ அண்ணன், "என்னக்கா நெத்தியில?" என்றார். "பொட்டுப் பசை ஒத்துக்கலை தம்பி. டாக்டர் பார்த்துட்டாங்க. இது யாருக்கும் ஒட்டாது" என்றார் அம்மா. அவர் நாலு இட்லி வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டார். மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்தார்கள். சிலர் இன்றைக்கும் வரவில்லை.

புள்ளி முழுதாக மறையவில்லை. ஓரங்களிலும் முடிக்கால்களைச் சுற்றியும் பழுப்பு நிறப் பொட்டுகள் முளைத்திருக்கின்றன. சிலருக்கு முழு நிறமும் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, சிலருக்கு வேறு இடங்களுக்கும் பரவலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அதனால்தான் சீக்கிரம் நிறுத்துவது முக்கியம். மூக்குத்தியை மட்டும் போன தீபாவளிக்கு மீட்டுவிட்டோம்.

நாம் செய்யக் கூடியவை

முதலில், "வெண்குஷ்டம்" என்ற சொல்லை விடுவோம். வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமில்லை. வெண்புள்ளி தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

இரண்டாவது, அரிப்பை அலட்சியம் செய்யக் கூடாது. தோல் அடிக்கிற முதல் மணி அது. எந்தப் பொருளைப் போட்ட இடத்தில் அரிக்கிறதோ அந்தப் பொருளை அன்றே நிறுத்த வேண்டும். அதன்மேல் இன்னொரு கிரீமைத் தடவி மறைக்கக் கூடாது.

மூன்றாவது, நம் விடுதி அறைகளிலும் இதே கதைதான். மருதாணி சிவக்கத்தான் செய்யும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் மெஹந்தி என்றால் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. கலந்திருக்கலாம். கவரிங் நகையில் நிக்கல் உண்டு. "வாசனை" என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பதற்குள் பல பொருட்கள் இருக்கும். சாதாரண சோப்பின் பி.எச். 9, 10 வரை போகும், தோலின் பி.எச். 5 அளவில்தான். முகம் எரிகிறதே என்று இன்னும் நாலு தடவை சோப்புப் போட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

கடைசியாக ஒன்று. அரை எச்.பி. மோட்டார் வாங்கினால்கூட அதில் நேம் பிளேட் இருக்கிறது. வோல்ட், ஆம்பியர், சுற்று வேகம் எல்லாம் அடித்திருக்கும். அது இல்லாத மோட்டாரை லேபில் இணைக்க நம் ஆசிரியர்கள் விடமாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்த பொட்டு அட்டைகள் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். எண்ணிக்கை இருக்கிறது, விலை இருக்கிறது, பூப்படம் இருக்கிறது. பசையில் என்ன என்று ஒன்றில்கூட இல்லை. இரும்பு மோட்டாருக்குக் கிடைக்கும் மரியாதை என் அம்மாவின் நெற்றிக்கு இல்லையா?

நாளைக்கு நம்மில் சிலர் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்போம், சிலர் சொந்தத் தொழில் தொடங்குவோம். அன்று நாம் செய்யும் பொருளில் உள்ளதை உள்ளபடி அச்சடிப்போம். இன்றைக்கு நம்மால் முடிந்தது, படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டுவது. எங்கள் தெருவில் இப்போது ஷாம்பு, கிரீம், தலைச்சாயம் எது வாங்கினாலும் "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு பாரு" என்று என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது?



— மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை