லிஸ்ட்ல எத்தனை பேரு?

"ஈமெயில் லிஸ்ட் வெச்சு மாசம் எவ்வளவுப்பா வருது?" போன ரெண்டு மாசத்துல நாலு பேர் கேட்டாச்சு. அதுல ஒருத்தர் வேலையை விட்டுட்டு இதுல இறங்கலாம்னு இருக்காராம். தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா இங்கேயே எழுதிடறேன், கணக்கு வழக்கோட. சொந்தக் கதையும் கொஞ்சம் வரும், பொறுத்தருள்க :-)

நான் பெங்களூருல பொட்டி தட்டுறவன். சொந்த ஊர் பாலக்கோடு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தமிழ்ல ஒரு மடல் அனுப்புறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் காலேஜ்கள்ல இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற பசங்களுக்கு. எந்த மாதிரி கம்பெனி என்ன கேள்வி கேக்குறான், ஓசூர்ல வேலைக்குச் சேரணுமா பெங்களூர் போகணுமா, ரெஸ்யூமில் அப்பா பேர் போடணுமா (வேண்டாம்), இப்படி. ஆரம்பத்துல என் ஜூனியர்கள் நாப்பது பேர். அவங்க தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்லி, ஒரு கட்டத்துல 3,100 முகவரி ஆச்சு.

3,100-ன்னு கேட்டா பெரிசாத்தான் தெரியும். அதுல பாதிக்கு மேல யாரும் திறந்தே பாக்கலை. ஏன்னு தோண்டிப் பாத்தா காரணம் நம்ம ஊர்க் காரணம். 2018-ல இருந்து பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறிடுச்சு இல்லையா, விண்ணப்பத்துக்கு ஒரு ஈமெயில் ஐடி வேணும். பல பசங்களுக்கு அந்த ஐடியை உருவாக்கிக் கொடுத்தது நெட் சென்டர் அண்ணன். பாஸ்வேர்டும் அவருக்குத்தான் தெரியும். பையன் அதே ஐடியை எனக்கும் கொடுத்திருப்பான். இன்னொரு கூட்டம் காலேஜ் கொடுத்த ஐடியில சேர்ந்தவங்க. படிப்பு முடிஞ்சா அதுவும் செத்துடும், ஜூலை மாசம் ஆனா மடல்கள் சுவத்துல அடிச்ச பந்து மாதிரி திரும்பி வரும். ஒரு நாள் உக்காந்து 790 பேரைத் தூக்கினேன். மிச்சம் 2,310. எண்ணிக்கை குறையறதுல வருத்தப்பட வேண்டியதில்லை. செத்த முகவரிக்குத் தொடர்ந்து அனுப்பினா ஜிமெயில் நம்மளையும் அந்தக் கணக்குலயே சேர்த்துடும், உயிரோட இருக்கிறவனுக்கும் மடல் ஸ்பேம்ல போய் விழும்.

2024 பிப்ரவரியில கூகுளும் யாகூவும் விதியை இறுக்கினாங்க. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணும் வெச்சிருக்கணும், ஒரே கிளிக்ல விலகிக்கிற வசதி தரணும், ஸ்பேம்னு புகார் பண்றவங்க 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரம் பேர்ல மூணு பேர். நான் அந்த அளவுக்கு அனுப்பறதில்லை, இருந்தாலும் அத்தனையும் செஞ்சு வெச்சிருக்கேன். நம்ம ஆணி புடுங்குற புத்தி இதுக்காவது உதவட்டும்.

சரி, வருமானம். முதல் வருஷக் கணக்கு இதோ. லேப்டாப், மொபைல் இணைப்புகள்ல 4,870 ரூபாய். வெப் ஹோஸ்டிங் ரெண்டு பேர் வாங்கினதுல 3,600. புத்தகங்கள் 930. ஆக 9,400. மடல் அனுப்புற சேவைக்கு முதல் ஆறு மாசம் இலவசம், அப்புறம் மாசம் 1,200 வீதம் 7,200. கையில நின்னது 2,200. மாசத்துக்கு 183 ரூபாய்னு வருது. பெங்களூருல ரெண்டு மசால் தோசை, கூட காபி.

ஏன் இவ்வளவு கம்மின்னா, இந்த அஃபிலியேட் முறை அமெரிக்கக்காரன் பொருள் வாங்குற முறைக்குத் தச்ச சட்டை. அமேசான் இதை ஆரம்பிச்சது 1996-ல. இணைப்பைத் தட்டினவன் 24 மணி நேரத்துக்குள்ள கூடையில போட்டாத்தான் நமக்குக் கணக்கு. நம்ம பையன் என்ன செய்வான்? போன்ல தட்டிப் பாப்பான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாமாவுக்கு அனுப்புவான். மாமா ரெண்டு வாரம் யோசிப்பார். அப்புறம் அப்பாவும் மாமாவும் அவனைக் கூட்டிக்கிட்டு தர்மபுரிக்கு பஸ் ஏறி, கடையில தொட்டுப் பார்த்து, இஎம்ஐ போட்டு வாங்கிட்டு வருவாங்க. "அண்ணா, நீங்க சொன்ன அதே மாடல்!"னு போட்டோ வேற அனுப்புவான். சந்தோஷம்தான், ஆனா கமிஷன் கடைக்காரருக்கு. (சில திட்டங்கள்ல மடலுக்குள்ள நேரடியா இணைப்பு வைக்கக் கூடாதுன்னே விதி உண்டு. அமேசான்லயும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தது. விதிகள் அடிக்கடி மாறும், சேரும்போது முழுசாப் படிங்க.)

இந்த 183 ரூபாயைப் பத்தி அம்மாகிட்ட சொன்னப்போ அம்மா கேட்ட முதல் கேள்வி: "லிஸ்ட்ல எத்தனை பேரு?"

அம்மாவுக்கு லிஸ்ட்னா வேற. அம்மா போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஏஜெண்ட். மகளிர் பிரதான் ஷேத்ரிய பச்சத் யோஜனான்னு வாயில நுழையாத பேர்ல 1972-ல மத்திய அரசு கொண்டு வந்தது. வீடு வீடாப் போய் ஆர்.டி. பணம் வாங்கி, அட்டையில கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, போஸ்ட் ஆபீஸ்ல கட்டணும். முன்னாடி எல்லாம் கையால எழுதுவாங்க, இப்ப ஏஜெண்ட் போர்ட்டல்ல ஏத்தணும். அதுக்குப் பேரே "லிஸ்ட் போடறது". கட்டின பணத்துல 4 சதவீதம் கமிஷன். அம்மாகிட்ட 140 கணக்கு, சராசரி ஆயிரம் ரூபாய்னு வெச்சாலும் மாசம் 5,600 வருது. 140 பேர் கொண்ட லிஸ்ட்ல 5,600, 2,310 பேர் கொண்ட லிஸ்ட்ல 183. எம்.என்.சி.யில வேலை பாக்குற நான் இதுக்கு என்ன பதில் சொல்ல?

ஆனா அந்த 5,600-ஐ அம்மா எப்படி சம்பாதிக்கிறாங்கன்னும் பாக்கணும். பாலக்கோடுன்னா தக்காளி. அம்மா லிஸ்ட்ல பாதிப் பேர் தக்காளியோட ஏதோ ஒரு வகையில ஒட்டினவங்க. காட்டுல பறிக்கிறவங்க, மண்டியில தரம் பிரிக்கிறவங்க, கிரேடு பொட்டி ஏத்துறவங்களோட வீட்டம்மாக்கள். 2023 ஜூலை மாதிரி கிலோ நூறைத் தாண்டுற காலத்துல ஆர்.டி. பணம் கேக்காமலே வரும். விலை விழுந்து ரோட்டோரம் கொட்டுற மாசத்துல, "அக்கா, அடுத்த மாசம் சேத்துக் கட்டிடறேன்"னு சொல்லுவாங்க. கட்டாம விட்டா நூத்துக்கு ஒரு ரூபாய் அபராதம், நாலு மாசம் விட்டா கணக்கே நின்னுடும். சில பேருக்கு அம்மா கைக்காசு போட்டுக் கட்டிடுவாங்க. யாருக்குப் போடலாம், யாருக்குப் போடக் கூடாதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கிறதுதான் அம்மாவோட டேட்டாபேஸ். எந்த சாஃப்ட்வேர்லயும் அந்த காலம் கிடையாது.

இன்னொன்னு. 2011 டிசம்பர்ல அரசாங்கம் சிறுசேமிப்பு ஏஜெண்டுகளோட கமிஷனை வெட்டினப்போ, பி.பி.எஃப்.புக்கும் முதியோர் சேமிப்புத் திட்டத்துக்கும் கமிஷனே இல்லைன்னு ஆச்சு. ஆர்.டி.யோட 4 சதவீதம் மட்டும் தப்பிச்சது. அம்மா இன்னிக்கும் ரிட்டயர்டு வாத்தியார்களுக்கு அந்த ஃபாரத்தை எல்லாம் நிரப்பிக் கொடுக்கிறாங்க, பைசா வராது. ஏம்மான்னு கேட்டா, "அந்த வாத்தியாரு மருமவ நம்ம லிஸ்ட்ல இருக்காடா"ன்னு பதில். வியாபார தந்திரமா பாசமான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலை. அம்மாவுக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஒரு கோடிங் பயிற்சிக் கம்பெனியில இருந்து எனக்கு ஒரு மடல். பேர் வேண்டாம். ஆறு மாசக் கோர்ஸ், கட்டணம் 85,000. என் இணைப்பு வழியா சேர்ற ஒவ்வொருத்தருக்கும் எனக்கு 6,000. என் லிஸ்ட்ல நூத்துல ஒருத்தன் சேர்ந்தாலும் 23 பேர். 23 x 6,000 = 1,38,000. ஒரே மடல்.

அந்தத் தொகையைப் பாத்ததும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சதுக்குக் காரணம், என் கல்விக் கடன் பாக்கி அப்போ 1,42,000. இன்ஜினியரிங் படிக்க அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கின கடன். நான் வேலை தேடிக்கிட்டு இருந்த எட்டு மாசமும் வசூல் பண்றவங்க போன் பண்ணினது அப்பாவுக்குத்தான். மண்டியில கணக்கு எழுதுற மனுஷன், போன் வந்தா எந்திரிச்சு வெளிய போய்ப் பேசிட்டு வருவார். அந்தப் பாக்கியை ஒரே ஞாயித்துக்கிழமையில அடைச்சிடலாம்.

ஒப்பந்தத்தை வாங்கிப் படிச்சேன். கட்டணத்தை மாணவன் கட்ட வேண்டாம், ஒரு நிதி நிறுவனம் கட்டும். மாணவனும் அப்பாவோ அம்மாவோ ஒருத்தரும் அந்த நிறுவனத்துக்கு மாசாமாசம் கட்டணும். கடன் ஒப்பந்தம் தனி, கோர்ஸ் ஒப்பந்தம் தனி. பாதியில நின்னாலும் கடன் ஓடும். விளம்பரத்துல "வேலை" கொட்டை எழுத்துல, ஒப்பந்தத்துல "வேலை தேட உதவி". ரெண்டுக்கும் நடுவுல எத்தனை கிலோமீட்டர்னு நமக்குத் தெரியும், பத்தொம்பது வயசுப் பையனுக்குத் தெரியாது. சட்டப்படி ஏமாத்து வேலைன்னு சொல்ல முடியாது. நல்லாப் படிச்சு வேலை வாங்கினவங்களும் இருப்பாங்க.

நான் பண்ண வேண்டியது, "இது கமிஷன் வரும் இணைப்பு"ன்னு ஒரு வரி சேக்கறது மட்டும்தான். 2023 ஜனவரியில நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டியில, பரிந்துரை எந்த மொழியில இருக்கோ அறிவிப்பும் அதே மொழியில இருக்கணும்னு இருக்கு. தமிழ்ல ஒரு வரி எழுதினா என் பக்கம் சுத்தம்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா லிஸ்ட் போட்டுக்கிட்டே கேட்டாங்க. முழுசாச் சொன்னேன், பாக்கிக் கடன் கணக்கு உட்பட. அம்மா வேண்டாம்னு சொல்லலை. "அந்தப் பையனோட அப்பன் நாளைக்குக் கேக்கணும்னா யாரைப் போய்க் கேப்பான்? உன் வீடு தெரியுமா அவனுக்கு?"

"இமெயில் தெரியும்மா."

"அப்ப உனக்குத் தொந்தரவு இல்லை"ன்னுட்டு அடுத்த அட்டையை எடுத்தாங்க.

2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக் கம்பெனிகள் கவுந்ததே, ஞாபகம் இருக்கா? கம்பெனிக்காரன் எங்கேயோ இருந்தான், ஆள் சேத்து விட்டவங்க அதே தெருவுல இருந்தாங்க. சொந்தக்காரங்க மொகத்தைப் பாக்க முடியாம கல்யாணம் காதுகுத்துக்குக் கூடப் போகாதவங்க கதையெல்லாம் நாம கேட்டிருக்கோம். எனக்கு அந்தச் சங்கடம்கூட இல்லை. 2,310 பேர்ல ஒருத்தனும் என் தெருவுல இல்லை.

அந்த மடலை அனுப்பலை. அடுத்த ஞாயித்துக்கிழமை வேற மடல் போச்சு: பயிற்சிக் கம்பெனி ஒப்பந்தத்துல எந்த நாலு வரியைப் படிக்கணும், கடன் யார் பேர்ல ஏறுது, பாதியில விட்டா என்ன ஆகும், என்.பி.டி.இ.எல்.ல ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்துற அதே பாடம் இலவசமா எங்கே கிடைக்கும் (தேர்வு எழுதி சான்றிதழ் வேணும்னாத்தான் காசு). கமிஷன் பூஜ்யம். 61 பேர் விலகிட்டாங்க. ஏன்னு இன்னும் புரியலை, ஏற்கனவே சேர்ந்துட்டவங்களா இருக்கலாம். கல்விக் கடன் வழக்கம்போல மாசாமாசம் போய்க்கிட்டு இருக்கு, இன்னும் ஒரு வருஷம்.

நடுவுல ஒருத்தர், 50,000 இன்ஜினியரிங் மாணவர்களோட முகவரி 5,000 ரூபாய்க்குத் தரேன்னு வாட்ஸப்ல வந்தார். ஆளுக்கு பத்துப் பைசா. 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறினதெல்லாம் அவர் காதுக்கு எட்டலை போல. பிளாக் பண்ணிட்டேன்.

இந்த மடல் சேவைகள்ல ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவுல 2003-ல ஸ்பேமுக்கு எதிரா வந்த சட்டப்படி, வியாபார மடல் ஒவ்வொண்ணோட அடியிலயும் அனுப்புறவரோட தபால் முகவரி இருக்கணும். அதனால எங்கே இருந்து அனுப்பினாலும் சேவைக்காரன் கேப்பான். பல பேர் தபால் பெட்டி எண்ணைப் போட்டுத் தப்பிச்சுப்பாங்க. நான் கணக்கு ஆரம்பிச்ச அன்னிக்கு யோசிக்காம பாலக்கோட்டு வீட்டு விலாசத்தைப் போட்டிருந்தேன். ரொம்ப பொடி எழுத்து, யாரும் படிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்.

அந்த ஒப்பந்த மடல் போய் மூணு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை, பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒருத்தர் ரெண்டு பஸ் மாறி வீட்டு வாசலுக்கு வந்துட்டார். மஞ்சப் பையில பொண்ணுக்கு வந்த ஒப்பந்தக் காகிதம், வேற ஒரு கம்பெனியோடது. மடலோட அடியில இருந்த விலாசத்தைப் பொண்ணு சீட்டுல எழுதிக் கொடுத்திருக்கு. நான் பெங்களூருல இருந்தேன். அம்மா உக்கார வெச்சு டீ போட்டுக் கொடுத்து, எனக்கு வீடியோ கால் போட்டு, காகிதத்தை ஒவ்வொரு பக்கமா கேமராவுக்கு முன்னாடி பிடிச்சாங்க. முக்கால் மணி நேரம் ஆச்சு. ஏழாவது பக்கத்துல கடன் அவர் பேர்ல ஏறும்னு இருந்தது, அதை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கையெழுத்துப் போடறாரா இல்லையான்னு சொல்லலை, காகிதத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டார்.

கட் பண்றதுக்கு முன்னாடி அம்மா குரல் கேட்டுச்சு: "ஏனுங்க, வீட்டுல ஆர்.டி. ஏதாச்சும் போடறீங்களா?"

அப்புறமா போன் பண்ணி விசாரிச்சேன். "பென்னாகரம் நம்ம லைன்ல வராதுடா, அங்க ஒரு ஏஜெண்ட் அக்கா இருக்காங்க, நம்பர் குடுத்து விட்டிருக்கேன்"னாங்க.

டிஸ்கி: முதல் வரியில கேள்வி கேட்ட அந்த நாலாவது நண்பருக்கு - வேலையை விட வேண்டாம் சாமி. 183 ரூபாய்.