மீனுக்கும் நோகும்

பேன் என்றதும் நமக்குத் தலை நினைவுக்கு வரும். தலையோடு அன்னையின் மடியும் நினைவுக்கு வரும். விடுமுறை நாளில் திண்ணையில் உட்கார்ந்து, பேன்சீப்பும் தேங்காயெண்ணெயுமாகத் தலை கொடுத்த பிள்ளைகள்தாமே நாம்! ஆனால் பேன் மனிதருக்கு மட்டும் உரிய செல்வம் அன்று. மீனுக்கும் பேன் உண்டு. சிரிக்க வேண்டா, நண்பர்களே! தஞ்சைக் கழனிகளை விட்டு விலங்கியல் முதுகலை பயிலப் பெங்களூருக்கு வந்த எனக்கு, இப்போது அந்தப் பேன்களை எண்ணுவதுதான் வேலை. "இன்று எத்தனை பேன்?" என்று விடுதியில் என்னைக் கேலி செய்யாத தமிழ் நண்பர் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் என் பக்கத்தில் அமரும் கன்னட நண்பர் மட்டும் கேலி செய்யவில்லை. "ஹேனு" என்று சொல்லிப் புன்னகைத்தார். நம் பால் இங்கே ஹாலு. நம் புலி இங்கே ஹுலி. நம் பேன் இங்கே ஹேனு. இரண்டு மொழியும் உடன்பிறப்புகள் என்பதற்குப் பேன்கூடச் சான்று சொல்கிறது!

இந்த மீன் பேனுக்கு அறிவியல் இட்ட பெயர் ஆர்குலஸ். நண்டுக்கும் இறாலுக்கும் உறவினன். நெற்றிப்பொட்டுப் போலத் தட்டையான உடல். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மேனி. நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தால் அழகன் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் அந்த அழகனிடம் மீனைப் பற்றிக்கொள்ள இரண்டு உறிஞ்சு கிண்ணங்கள் உண்டு. தோலைக் குத்த ஊசி போன்ற கொடுக்கு ஒன்றும் உண்டு. குத்தி, நஞ்சைச் செலுத்தி, குருதியை உறிஞ்சுகிறான். குத்திய இடம் சிவக்கிறது, செதில் உதிர்கிறது, திறந்த புண்ணில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறுகின்றன. நம் நாட்டு வளர்ப்புக் குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றில் இவனால் மிகுதியும் துன்புறுவது ரோகுதான்.

இதையெல்லாம் நான் முதலில் நூலில் படித்தேன். பிறகு ஹெசரகட்டாவுக்கு அப்பால் ஒரு தனியார் பண்ணையின் கரையில் நின்று கண்ணால் கண்டேன். ரோகு மீன்கள் நீரை விட்டுத் துள்ளின. வரப்பின் மண்ணில் விலாவைத் தேய்த்தன. தீனி போட்டும் வரவில்லை. எனக்கு அப்போது ஓர் எண்ணம் தோன்றியது. நம்மைப் பேன் கடித்தால் சொறிந்துகொள்ளக் கை இருக்கிறது. மாட்டை உண்ணி கடித்தால் வாலும் நாக்கும் இருக்கின்றன. காக்கையும் வந்து கொத்தி எடுக்கிறது. மீனுக்கு என்ன இருக்கிறது? கல்லும் கரையுமே அதற்குக் கை. வழவழவென்று வெட்டிய பண்ணைக் குளத்தில் அந்தக் கல்லும் இல்லை!

"மீனுக்கு வலி தெரியுமா?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். 2003-ஆம் ஆண்டில் லின் ஸ்னெட்டன் என்னும் அம்மையாரும் அவருடைய தோழர்களும், ட்ரவுட் மீனின் முகத்தில் வலியுணர் நரம்பு முனைகள் இருப்பதை நிறுவினார்கள். உதட்டில் அமிலம் செலுத்திய மீன் தீனியை மறந்தது. உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தது. வலி நீக்கும் மருந்து கொடுத்தபோது அந்தத் தேய்ப்புக் குறைந்தது. நான் கரையில் கண்ட துள்ளலுக்கும் தேய்ப்புக்கும் இதைவிட விளக்கம் வேண்டுமா?

அந்தப் பண்ணையைப் பார்த்துக்கொள்பவர் தருமபுரிப் பக்கத்துத் தமிழர். "இவ்வளவு நெருக்கமாக விட்டிருக்கிறீர்களே, அண்ணே? பேன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வசதியாகிவிடுமே!" என்றேன்.

"குளம் குத்தகைக்கு எடுத்தது, தம்பி. குஞ்சைக் குறைத்தால் குத்தகைப் பணத்துக்கு எங்கே போவது?" என்றார் அவர்.

அவரைக் கொடியவர் என்று சொல்ல என் நா எழவில்லை. அவரும் என்னைப்போல் பிழைப்புக்கு ஊர் விட்டு வந்தவர். 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார்கள். ஆற்றில் குஞ்சு தேடி அலைந்த காலம் அதனால் மாறியது. ஏழையின் தட்டுக்கும் மீன் வந்தது. அந்த வெற்றியை நான் போற்றுகிறேன். ஆனால் குஞ்சு பெருகியதுபோல் அதன் நலம் பற்றிய கவலை பெருகவில்லையே!

பணம் படைத்த நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? நார்வே நாட்டின் கடற்கூண்டுகளில் சால்மன் மீன்களை வளர்க்கிறார்கள். அங்கே கடற்பேன் தோலைத் தின்கிறது. முற்றிய நிலையில் தலையின் எலும்பு தெரியும் அளவுக்கும் தின்றுவிடுகிறது. சராசரியாக மீன் ஒன்றுக்கு அரைப் பெண்பேனுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அந்நாட்டு விதி. இளங்காட்டுச் சால்மன்கள் கடலுக்குச் செல்லும் வசந்தத்தில் அந்த வரம்பு 0.2 ஆகக் குறைகிறது. நல்ல விதிதான். ஆனால் மருந்துக்குப் பேன் அஞ்சாமற்போகவே, குளிர்நீரில் வாழும் மீனைச் சிறிது நேரம் வெந்நீரில் முக்கி எடுக்கிறார்கள். மீன் துடித்து மோதிக்கொள்கிறது, சில மடிகின்றன. பேனைத் தின்பதற்கென்று கூண்டில் விடும் சிறுமீன்களும் பெருந்தொகையாக மடிகின்றன. நோய் ஒரு துன்பம். மருந்து மற்றொரு துன்பம்!

நம் குளங்களிலும் பூச்சிக்கொல்லியைக் கரைத்து ஊற்றுகிறார்கள். வளர்ந்த பேன் சாகும், முட்டை சாகாது. ஆகவே மீண்டும் ஊற்றுகிறார்கள். மீனின் உணவான நுண்ணுயிரிகள் அதில் அழிகின்றன.

எளிய வழி ஒன்று உண்டு. பெண்பேன் முட்டையிட மீனை விட்டு இறங்கி, கெட்டியான பொருளைத் தேடிச் செல்லும். குளத்தில் மூங்கில் பிளாச்சுகளை ஊன்றி வைத்தால் அவற்றில் முட்டையிடும். முட்டை பொரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் பிளாச்சை எடுத்து வெயிலில் காயவைத்தால் ஒரு தலைமுறையே ஒழியும். அறுவடைக்குப் பின் குளத்தை வற்றவிட்டுச் சுண்ணாம்பு இடுவதும், குஞ்சை அளவாக விடுவதும் சேர்ந்தால் நஞ்சின் தேவை பெரிதும் குறையும். அளவாக விட்டால் வரும் இழப்பைக் குத்தகைத் தொகையிலோ கடனிலோ அரசு ஈடுசெய்ய வேண்டும். அந்தச் சுமை முழுவதையும் தருமபுரி அண்ணன் தோளில் ஏற்றுவது நீதியாகாது.

நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதர் நீங்கலான எல்லா உயிரையும் விலங்கு என்றே வகுக்கிறது. ஆகவே மீனும் அதில் அடங்கும். ஆனால் பண்ணைக் கணக்கேட்டில் குறைந்த எடை உண்டு; குறைந்த விலை உண்டு; மீன் பட்ட பாட்டுக்கு ஒரு பத்தியும் இல்லை.

நண்பர்களே, நான் மீன் உண்பவன். உண்ணாதீர் என்று உங்களுக்கு உபதேசம் செய்ய வரவில்லை. காட்டாற்று மீன் பேனைச் சுமந்தால் அது இயற்கையின் கணக்கு. நாம் வெட்டிய குளத்தில், நாம் நெருக்கி விட்ட மீன் சுமந்தால் அது நம் கணக்கு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் புகழ்ந்து மேடையில் முழங்கும் நாம், ரோகுவுக்கு இரண்டு மூங்கில் பிளாச்சு ஈயலாகாதா? என் குறிப்பேட்டில் பேனின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இப்போது மற்றொரு பத்தி கீறியிருக்கிறேன்: மீன் எத்தனை முறை துள்ளியது, எத்தனை முறை தேய்த்தது, தீனிக்கு வந்ததா. என் ஆய்வேட்டில் அந்தப் பத்தியும் அச்சேறும்.