செவலையும் மோப்பத் தடமும்

எங்க வீட்டு நாய் பேரு செவலை. நாட்டு நாய்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறைன்னு சொல்லிக்கிற பெருமை எதுவும் கிடையாது. புவனகிரி கடைத்தெருவுல இருந்து என் சைக்கிள் பின்னாடியே ஓடி வந்த குட்டி. இப்ப மூணு வயசு. ஒரு வருஷமா இதுக்கு மோப்பம் பிடிச்சு தடத்துல போகப் பழக்கிட்டு இருக்கேன். எதுக்குன்னு வீட்டுல கேட்டாங்க. சும்மா, விளையாட்டுக்குத்தான். மாடு கட்டியாச்சு, தண்ணி பாய்ச்சியாச்சு, அப்புறம் ஒரு அரை மணி நேரம் எங்க ரெண்டு பேருக்கும் பொழுது போகணும்ல.

வெளிநாட்டுல இது ஒரு பெரிய விளையாட்டாவே நடக்குது. அமெரிக்காவுல ஆரம்பப் பரீட்சைக்கே 440 கஜத்துல இருந்து 500 கஜம் வரைக்கும் தடம் போடுறாங்களாம். ஆள் நடந்து போயி அரை மணியாவது ஆன பிறகுதான் நாயை விடுவாங்க. நம்ம செவலை இன்னும் அந்த அளவுக்கு வரல. வாய்க்கா மதகுல இருந்து வைக்கோல் போர் வரைக்கும் வரும்.

பழக்குறது கஷ்டமில்ல, பொறுமை வேணும். கழுத்துல கயிறு கட்டக்கூடாது, இழுக்கும்போது மூச்சு முட்டும். நெஞ்சைச் சுத்தி ஒரு பட்டை தைச்சு, அதுல முப்பது அடி கயிறு கட்டியிருக்கேன். முதல்ல இருபது அடி நேரா நடந்து, ஒவ்வொரு காலடியிலயும் விரல் நுனி அளவு கருவாட்டுத் துண்டு வைப்பேன். பரங்கிப்பேட்டைக் கருவாடுன்னா செவலை சொத்தையே எழுதி வைக்கும். அப்புறம் பத்து அடிக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் கடைசியில மட்டும். நாளாக ஆக கருவாட்டு வாசனையை விட்டுட்டு, மிதிபட்ட புல்லு, நசுங்குன மண்ணு, நம்ம ஒடம்பு வாசனை எல்லாம் கலந்த அந்தத் தடத்தையே பிடிச்சுக்கும். சென்னையில இருக்குறவங்க மொட்டை மாடியிலயும் பூங்காவுலயும் கூட ஆரம்பிக்கலாம். ஆனா வெயில் ஏறினப்புறம் வேண்டாம். நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிற நாய்க்கு மோப்பம் சரியா வராது.

சம்பா அறுப்புக்கு முன்னாடியே உளுந்து தெளிச்சுடுவோம்ங்கிறதால அறுத்த வயல்லயும் நாயை இறக்க முடியாது. வரப்பு, களத்துமேடு, கொஞ்சம் தரிசு, அவ்வளவுதான் எங்க மைதானம். விடியக்காலம் பனி ஈரம் இருக்கும்போது வாசனை தரையோட படிஞ்சு கிடக்கும். செவலை மூக்கைத் தூக்காம ரயில் மாதிரி போகும். மத்தியானத்துக்கு மேல கெழக்க இருந்து கடல் காத்து வந்துட்டா ஆட்டமே மாறிடும். நான் நடந்தது ஒரு பக்கம், அது ரெண்டு முழம் மேற்க தள்ளி நடக்கும். தப்பா போகல, வாசனை அங்கதான் தள்ளிப் போயிருக்கு. நம்ம மூக்குல மணம் அறியுற நுண்ணுறுப்பு அம்பது, அறுபது லட்சம்னா நாய்க்கு இருபது கோடிக்கும் மேலன்னு சொல்றாங்க. அதுகிட்ட போயி நாம வழி சொல்லலாமா?

அக்கா பேரன் லீவுக்கு வந்தா அவன்தான் ஒளியுற ஆளு. வைக்கோல் போர் பின்னாடி உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான். செவலை கண்டுபிடிச்சு மேல பாஞ்சதும் "தாத்தா, இன்னொரு வாட்டி!"ம்பான்.

இந்த விஷயத்துல நான் பாடம் கேட்டது இணையத்துல மட்டும் இல்ல. வாய்க்கா கரையோரம் சில இருளர் குடும்பங்க இருக்கு. அறுப்பு முடிஞ்சதும் எலி வளை வெட்ட வருவாங்க. அதுல ஒரு பெரியவர் வளை வாசல் மண்ணைத் தொட்டுப் பாத்தே எலி உள்ள இருக்கா, போயிடுச்சான்னு சொல்லிடுவாரு. கூடவே அவரு நாயும் வரும். செவலையும் அதுங்ககூட சேர்ந்து அலையும். 2017-ல வடநெம்மேலிப் பக்கத்து இருளர்கள் ரெண்டு பேரு, மாசி சடையனும் வடிவேல் கோபாலும், அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போனாங்க. அங்க மோப்ப நாயும் கூட இருந்துச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு. 2023-ல அவங்களுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சுது. அந்தச் சேதியை நான் சொன்னப்ப பெரியவர் சிரிச்சுக்கிட்டே, "அங்க வரப்பு இருக்காங்க?"ன்னு மட்டும் கேட்டாரு.

போன மாசம் பக்கத்துக் கொல்லை போர் செட்டுல ராவோட ராவா காப்பர் ஒயரை அறுத்துட்டுப் போயிட்டாங்க. இந்தப் பக்கம் எல்லாரும் பட்ட கஷ்டம்தான் அது. விடிஞ்சதும் நாலு பேரு என் வாசல்ல. "மாமா, செவலையை அவுத்து விடுங்க, எங்க போய் நிக்குதுன்னு பாத்துடலாம்."

முடியாதுன்னுட்டேன்.

எனக்குத் தெரியும், அது எங்க போய் நிக்கும்னு. சுட்ட எலித் துண்டு கிடைக்கிற வாய்க்கா கரைக்குத்தான் போகும். அவுத்து விட்ட நாளெல்லாம் அங்கதான் போயிருக்கு. அது வாலாட்டிட்டு நிக்கிற குடிசைக்காரன் அன்னைக்குத் திருடனாயிடுவான். திருட்டுன்னாலே முதல்ல இருளர் வீட்டுக் கதவைத் தட்டுற பழக்கம் நம்ம ஊருங்கள்ல புதுசா என்ன? என் நாயை வேற சாட்சிக்கு அனுப்பணுமா?

போலீஸ் மோப்ப நாய்க்கு முறையான பயிற்சி உண்டு. அப்படியிருந்தும், 1969-லேயே மகாராஷ்டிரா வழக்கு ஒண்ணுல, மோப்ப நாய் சாட்சியத்துக்குப் பெருசா கனம் கொடுக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நாயைக் கூண்டுல ஏத்தி குறுக்கு விசாரணை பண்ண முடியாது, நாய் ஊகிக்கிறதை நம்பி ஒருத்தன் உயிரையோ சுதந்திரத்தையோ முடிவு பண்ணக் கூடாதுங்கிற வாதங்களையும் அந்தத் தீர்ப்பு பேசுது. சிதம்பரம் கோர்ட்டுல இருக்குற தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொன்னது இது. வந்தவங்ககிட்டயும் சொன்னேன். "ஸ்டேஷன்ல எழுதிக் கொடுங்க, வேணும்னா கடலூர்ல இருந்து அவங்களே நாய் கொண்டு வருவாங்க"ன்னேன். "அப்ப இதை எதுக்குய்யா பழக்குற, அழகு பாக்கவா?"ன்னு ஒயர் போன ஆளு கேட்டாரு. ஆமாம்னேன்.

அவரு இன்னும் என்கூடப் பேசறதில்ல. ஒயர் விலைக்கு அவரு கோபம் நியாயம்தான். வரப்புல எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்கிறாரு. செவலை மட்டும் அவரு காலை ஒரு தடவை மோந்து பாத்துட்டு, தடத்துக்குத் திரும்பிடுது.