குறை எழுதாத நோட்டு

என் அக்காவுக்கு வயது 82. மாமா காலமாகிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. சென்ற வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் எழுந்து நடக்க முடியவில்லை. எனக்கு 76, என் மனைவிக்கு 71. படுக்கையில் இருப்பவரைத் தூக்கித் திருப்ப எங்களால் ஆகாது. வீட்டோடு தங்கிப் பார்க்க ஆள் வைத்தோம். ஆறு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். கடைசியில் அக்காவே சொன்னார்: "நல்ல இடமாப் பார்த்து என்னைச் சேர்த்துடு கண்ணு."

நல்ல இடம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் நண்பர்களில் பலருக்கும் இந்தக் கேள்வி இன்றோ நாளையோ வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்று அமைக்கலாம் என்றும், இல்லங்களுக்கான தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்றும் அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. 14567 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதை நாம்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் 32 வருடம் இருந்தவன். சொல்லிவிட்டுப் போனால் எந்தச் சங்கத்திலும் ரொக்கம் சரியாகத்தான் இருக்கும். அதனால் கோவையைச் சுற்றி ஐந்து இல்லங்களுக்கும் முதல் தடவை போன் செய்துவிட்டுப் போனேன். இரண்டாம் தடவை சொல்லாமல் போனேன். ஒரு இடத்தில் வாசலிலேயே, "பார்வையாளர் நேரம் முடிஞ்சுதுங்க" என்றார்கள். அந்தப் பெயரை அங்கேயே அடித்துவிட்டேன்.

எல்லா இடத்திலும் முதலில் காட்டுவது தோட்டம், பூஜை அறை, டிவி ஹால். நான் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் அறையைக் காட்டச் சொன்னேன். அங்கே பார்த்தது தண்ணீர் டம்ளரை. மேஜை மேல் இருந்தால் போதாது, படுத்திருப்பவர் கைக்கு எட்ட வேண்டும். அடிக்கடி பெட்பேன் வைக்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கிற இடங்களும் உண்டு. வயதானவர்களுக்கு நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், புத்தி தடுமாறும். பிறகு "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்பார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு ஹால் முழுக்க எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தால், என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதியது என்று கேளுங்கள்.

அடுத்தது நோட்டு. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். பளிங்குத் தரை போட்ட, மாதக் கட்டணம் அதிகமான ஓர் இல்லத்தில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, வரிசையாக டிக். அப்போது மணி மூன்று. நோட்டில் ஆறு மணி வரைக்கும் டிக் போட்டிருந்தது. எதுவும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியாகப் போனது ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். அங்கே நோட்டின் அட்டை கிழிந்திருந்தது. மூன்று நான்கு பேருடைய எழுத்து. "இரவு 2.00 திருப்ப விடவில்லை, வலி என்றார். 2.40 திருப்பினோம்." இன்னொரு பக்கத்தில், "காலை மாத்திரை தாமதம், மகளுக்குப் போனில் சொன்னோம்." தணிக்கையில் நான் கற்றது இதுதான்: ஒரு குறைகூட எழுதாத கணக்கு பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில் எழுதியது. நாற்பது முதியவர்களைப் பார்க்கும் இடத்தில் ஒரு நாளும் ஒன்றும் தவறவில்லை என்றால் யார் நம்புவது? தவறியதை எழுதி வைக்கிறவர்கள் அதைப் பார்க்கவும் செய்கிறார்கள்.

ஷிஃப்டில் இருந்த ஆயா, "தாத்தாவுக்குக் காபி ஆறிப்போச்சுன்னா கோவம் வரும், அதனால இவருக்குத்தான் மொதல்ல" என்று ஒருவரைக் காட்டிச் சிரித்தார். இரவில் எத்தனை பேர் என்றேன். பெயர் சொல்லி மூன்று பேரை எண்ணினார். முன்பணத்தில் திரும்பக் கிடைப்பது எவ்வளவு, ஆஸ்பத்திரிக்குப் போனால் கூட இருப்பது யார், வருடா வருடம் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு அக்காவைச் சேர்த்தேன்.

எட்டு மாதம் ஆகிறது. குறை இல்லாமல் இல்லை. சாம்பாரில் புளி தூக்கல் என்பது அக்காவின் நிரந்தரப் புகார். ஆனால், "ராத்திரி கூப்பிட்டா வர்றாங்க கண்ணு" என்கிறார்.

இன்றும் நாள், நேரம் மாற்றித்தான் போகிறேன். அக்காவைப் பார்க்க நான் வருவேன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே அக்காவை மட்டும் பார்த்தால் கணக்குச் சரியாக வராது. பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா இருக்கிறார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. போகும்போதெல்லாம் அவரோடும் இரண்டு வார்த்தை பேசுவேன். பேசிக்கொண்டே அவர் கை நகங்களைக் கவனிப்பேன். இதுவரை ஒட்ட வெட்டி, சுத்தமாகத்தான் இருக்கின்றன.