பாட்டி சொன்ன கணக்கு

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பட்டர்வொர்த்துக்கு உட்புறம் இருக்கும் எங்கள் தோட்டப்பள்ளியும் பூட்டப்பட்டது. பயிற்சிக் கல்லூரியில் எனக்கு வெண்கட்டி பிடிக்கத்தான் கற்றுக் கொடுத்திருந்தார்கள். இயங்கலை வகுப்பு என்றதும் கை நடுங்கியது. ஜூன் மாதம் கல்வியமைச்சின் டெலிமா தளம் வந்தது. பயந்து பயந்து அதற்குள் நுழைந்த நான் செய்தது என்ன தெரியுமா? பயிற்சி நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றினேன். ஒரே நாளில் இருபது பக்கம்!

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எதையுமே அனுப்பவில்லை. புலனக் குழுவில், எல்லாப் பெற்றோரும் பார்க்க, அவன் பெயரைப் போட்டுக் கண்டித்தேன். அன்றிரவு பத்து மணிக்கு அவன் தகப்பனார் அழைத்தார்.

"டீச்சர், மன்னிச்சுக்குங்க. வீட்டுல ஒரே போன். பிறையில பகல் முழுக்க வேலை, போன் எங்கிட்டதான் இருக்கும். மூணு பிள்ளைங்களும் ராத்திரிதான் மாத்தி மாத்திப் பார்க்குதுங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அந்த ஆண்டு கல்வியமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரிந்தது. செய்தியில் படித்திருந்தேன். ஆனால் அந்தக் கணக்கில் என் வகுப்புப் பிள்ளையும் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லையே!

மறுநாள் குழுவிலேயே மன்னிப்புக் கேட்டேன். இருபது பக்கத்தையும் நீக்கினேன். வாரத்துக்கு ஒரே வேலை, தவணை ஏழு நாள். எழுத வேண்டாம், குரலில் பதிந்து அனுப்பினால் போதும் என்றேன். முதல் கேள்வி: "உங்கள் பாட்டி ஒரு நாளைக்கு எத்தனை பால்மரம் வெட்டினார்?"

அந்தப் பையன்தான் முதலில் அனுப்பினான். பின்னணியில் சட்டி உருளும் சத்தம். பாட்டி சொல்கிறார்: "நானூறு மரம்டா. ஆறு மணிக்குக் கத்தி வெச்சா பத்து மணிக்கு முடிச்சிரணும். வெயில் ஏறினா பால் நின்னுரும்."

அதையே கணக்குப் பாடமாக்கித் தளத்தில் போட்டேன். நான்கு மணி நேரம் என்றால் 14,400 விநாடி. நானூறால் வகுத்தால் மரத்துக்கு 36 விநாடி. நடப்பதும் அதற்குள்தான், ஒட்டுப்பாலை உரிப்பதும், பட்டையைச் சீவுவதும், மங்கைச் சரிசெய்வதும் அதற்குள்தான். பிள்ளைகள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வீட்டுத் தூணில் வெட்டுவதுபோல் நடித்துப் பார்த்தார்களாம். ஒருத்திக்கும் 36 விநாடி போதவில்லை. வகுத்தல் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் இவர்கள்!

இப்போது பள்ளிகள் திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. டெலிமா இன்னும் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தாள் ஏற்றும் அலமாரி மட்டுமே. நான் அந்தக் குரல் பாடத்தை விடவில்லை. பெற்றோர்களே, பிள்ளை கைப்பேசியை நீட்டிக் கேள்வி கேட்டால், வேலை அலுப்பில் விரட்டிவிடாதீர்கள். அது வீட்டுப்பாடம்தான்.

அந்தப் பாட்டியின் குரலைக் கேட்ட வேறொரு பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. பேத்தியின் கைப்பேசியில் எனக்கே பேசி அனுப்பினார்: "நானூறெல்லாம் ஒரு கணக்கா டீச்சர்? எங்க தோட்டத்துல ஐந்நூறு!"

பிள்ளைகள் மறுபடி வகுக்க உட்கார்ந்தார்கள். இம்முறை விடை 28.8 விநாடி.