பூமி விழுங்கிய வண்டிகள்

சென்ற ஆண்டு தம்பியைக் காண்பதற்காக அமெரிக்காவிலுள்ள நாஷ்வில் நகரத்துக்குச் சென்றிருந்தேன். "அண்ணா, நாளை ஒரு மோட்டார்க் காட்சிசாலைக்குப் போவோம்" என்றான். பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாகிய எனக்கு மோட்டாரில் என்ன அக்கறை? சொந்த வாகனம் ஒரு சைக்கிள்தான். ஆயினும் புறப்பட்டேன்.

வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் சென்றால், கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்னும் ஊர். புகழ்பெற்ற 'கார்வெட்' வண்டிகள் 1981 முதல் இங்குதான் தயாராகின்றன. இருவர் மட்டும் அமர்ந்து, மேற்கூரையை மடக்கிவிட்டுக் காற்று முகத்தில் மோதச் செல்வதற்கென்று பிறந்த வண்டி அது. 1953-இல் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் முதல் 300 வண்டிகளைச் செய்தார்கள். எல்லாம் வெண்ணிறம், உட்புறம் சிவப்பு. உடற்பகுதி இரும்புத் தகட்டாலன்று, கண்ணாடி நாரால் ஆனது. அழகிருந்தது, வேகம் போதவில்லை. 1954-இல் செய்தவற்றுள் பல விற்காமல் தேங்கின. 1955-இல் எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்த பின்னரே வண்டிக்கு உயிர் வந்தது. அதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் சோரா ஆர்க்கஸ்-டன்டாவ் என்னும் எஞ்சினீயர். பிரஸ்ஸல்ஸில் பிறந்து, ரஷ்யாவில் வளர்ந்து, அமெரிக்காவில் குடியேறியவர். அவருடைய அஸ்தி இக்காட்சிசாலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. பிழைக்க வந்த ஊரே அவருக்குச் சொந்த ஊராயிற்று!

இவ்வட்டாரம் சுண்ணாம்புப் பாறை பூமி. தண்ணீர் பாறையைக் கரைத்து அடியில் குகைகளை உண்டாக்கிவிடும். 2014 பிப்ரவரி 12 அதிகாலையில் காட்சிசாலையின் தரை திடீரென உள்வாங்கியது. சுமார் 30 அடி ஆழப் பள்ளத்தில் எட்டு வண்டிகள் வீழ்ந்தன. நல்லவேளை, உள்ளே மனிதர் எவருமில்லை. எட்டையும் மேலே எடுத்தார்கள். மூன்றைச் செப்பனிட்டார்கள். ஐந்தை நசுங்கிய கோலத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். மக்கள் அவற்றின்முன் கூடி நிற்கிறார்கள்.

செப்பனிட்ட மூன்றில் ஒன்று, 1992-இல் செய்யப்பட்ட பத்து லட்சமாவது கார்வெட். முதல் வண்டியைப் போன்றே திறந்த வண்டி; வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அதைச் செய்த தொழிலாளர்கள் உட்பாகங்களில் தங்கள் கையொப்பங்களை இட்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை தெரியா. பள்ளத்திலிருந்து மீட்டுப் பிரித்தபோது வெளிப்பட்ட அக்கையொப்பங்கள் அழிந்துவிடாமல் காப்பதில், செப்பனிட்டவர்கள் மிகுந்த சிரத்தை எடுத்துக்கொண்டார்களாம்.

அங்கேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். பதினான்கு ஆண்டுகளாக உடைந்த பார்சல்களுக்கு எதிரே 'சேதம்' என்றெழுதிக் கையொப்பமிடுபவன் நான். யார் படிக்கப் போகிறார்கள் என்று, அதுவும் ஒரு கிறுக்கலாகத் தேய்ந்துவிட்டது. எழுபது ஆண்டுகளாய் இவ்வண்டி மனிதரை ஈர்ப்பதற்கு வேகம் ஒன்றுதானா காரணம்? மறைவான இடத்திலும் தன் பெயரை எழுதத் துணிந்த தொழிலாளியின் பெருமிதமும் அல்லவா அதில் ஓடுகிறது!

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ரிஜிஸ்தரில் என் முழுப்பெயரையும் தெளிவாக எழுதினேன்.