வேளாங்கண்ணியில் ஓர் இரவு

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலோரமாய் எழுந்து நிற்கின்றன வேளாங்கண்ணித் திருத்தலத்தின் வெண்கோபுரங்கள். 1962-ஆம் ஆண்டு திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் இவ்வாலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் பெருவிழா நிறைவுறுகிறது. அந்நாட்களில் இவ்வூரின் பகலைக் கண்டவர் பலர். இதன் இரவையோ காவி உடுத்திக் கால்நடையாய் வருவோரே நன்கறிவர்.

விடுதிகள் நிரம்பி வழியும். பந்தல்களிலும், கடைத் தாழ்வாரங்களிலும், கடற்கரை மணலிலும் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாய் மக்கள் உறங்குவர். ஆலயத்திலிருந்து மாதா குளம் நோக்கிச் செல்லும் மணற்பாதையிலும் அரவம் குறைந்துவிடும். பால் கொண்டு சென்ற சிறுவன் ஒருவன் அக்குளத்தருகே களைப்பால் கண்ணயர்ந்தபோது அன்னை காட்சி தந்தார் என்பது வழிவழி வந்த மரபு.

சில ஆண்டுகளுக்கு முன், நான்கு நாள் நடந்து எங்கள் பங்கு மக்கள் அங்கே சேர்ந்தனர். ஒன்பது மணிக்கே அனைவரும் உறங்கிப்போயினர். பதினொரு மணியளவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, உறங்குவோரைக் கடந்து கடலை நோக்கி நடந்தான். கண்கள் திறந்திருந்தன, பார்வையில் மட்டும் உயிர்ப்பு இல்லை. தந்தை கூவியழைக்க வாயெடுத்தார். எங்களோடு வந்திருந்த செவிலிப் பெண்மணி அவரைத் தடுத்து, விரைந்து சென்று சிறுவனின் தோளை மெல்லப் பற்றினார். "வாப்பா, படுத்துக்கலாம்" என்று தாழ்ந்த குரலில் கூறித் திருப்பி அழைத்து வந்தார். அவனும் மறுப்பின்றி வந்து படுத்துக்கொண்டான்.

பாட்டியோ நடுங்கிவிட்டார். "சாமி, காத்துக் கருப்பு அண்டிடுச்சு. தலையில கை வச்சு மந்திரிங்க" என்றார். "ஆசீர்வதிக்கிறேன் அம்மா. ஆனால் ஓட்டுவதற்கு இங்கே பேய் எதுவும் இல்லை" என்றேன். தந்தை துண்டினால் மகனின் காலைத் தூணோடு கட்ட முற்பட்டார். உறக்கத்தில் எழுபவன் தடுக்கி விழுவானே என்று செவிலி அதையும் விலக்கினார்.

அன்பார்ந்த பெற்றோரே, இது பேயின் வேலையுமன்று, பித்துமன்று. உறங்கத் தொடங்கி ஓரிரு மணி நேரத்தில் வரும் ஆழ்ந்த துயிலில், மூளையின் ஒரு பகுதி உறங்க, ஒரு பகுதி விழிப்பதால் நேர்வது. நான்கு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவரிடம் மிகுதி. குடும்ப வழியாகவும் வருவதுண்டு. களைப்பு, தூக்கக் குறைவு, காய்ச்சல், முட்டிநிற்கும் சிறுநீர், புதிய இடம், இரைச்சல் ஆகியன இதைத் தூண்டும். திருவிழா இரவில் இவற்றுள் எத்தனை ஒன்றுகூடுகின்றன என எண்ணிப் பாருங்கள்! பெரும்பாலோர்க்கு வளரிளம் பருவத்திற்குள் இது தானே நின்றுவிடும்.

ஆகவே யாத்திரை புறப்படுமுன் சிலவற்றை நினைவிற்கொள்ளுங்கள். இத்தகைய பிள்ளையைக் கடலோரத்திலோ மொட்டை மாடியிலோ உறங்க வைக்கலாகாது. சுவரோரமாய்ப் படுக்கவைத்து, அடுத்துப் பெற்றோர் படுக்கட்டும். இரயிலில் மேல்படுக்கை வேண்டாம். உறங்குமுன் சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். எழுந்து நடந்தால் உலுக்கவோ அதட்டவோ வேண்டாம்; திடுக்கிட்டு விழிக்கும் பிள்ளை குழம்பித் திமிறக்கூடும். கைப்பிடித்துப் படுக்கைக்கு அழைத்து வந்தால் போதும். நாள்தோறும் ஒரே நேரத்தில் நடப்பானாயின், அதற்குக் கால்மணி நேரம் முன்னதாக எழுப்பி, மீண்டும் உறங்கச் செய்வது சிலருக்குப் பயன் தரும். அடிக்கடி நேர்ந்தாலோ, காயம் பட்டாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ, உறக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

காலையில் அச்சிறுவன் மற்றப் பிள்ளைகளோடு மணலில் ஓடி விளையாடினான். இரவு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. பெரியவர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கவுமில்லை, அவனைச் சுட்டிக்காட்டவுமில்லை. அவர்கள் அவனுக்குச் செய்த பெரிய உதவி அது. ஊர் திரும்பியதும் தந்தை வாசற்கதவின் மேற்புறம், மகனுக்கு எட்டாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் பொருத்தினார். பாட்டியின் செபமாலையும் நிற்கவில்லை. இரண்டும் அவ்வீட்டில் இருக்கட்டும்.